ஏரிகள் காக்கும் திராட்சை: ஃபிங்கர் லேக்ஸில் இலையுதிர்காலம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ பேரேரிக்குத் தெற்கே, 11 ஏரிகள் வடக்கு தெற்காக நீண்டு ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கின்றன. அகலம் குறுகி நீளம் மிகுந்த வடிவத்தால் வட்டாரத்துக்கே ஃபிங்கர் லேக்ஸ், அதாவது விரல் ஏரிகள் என்ற பெயர் அமைந்தது. மேற்கிலிருந்து கிழக்காக கொனீசஸ், ஹெம்லாக், கானடைஸ், ஹனியோய், கானன்டைகுவா, கியூகா, செனிகா, கயூகா, ஒவாஸ்கோ, ஸ்கேனியாட்லஸ், ஒடிஸ்கோ என்பது அவற்றின் வரிசை. கியூகா, செனிகா, கயூகா ஆகிய மூன்றின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் மிகுதி. வட்டாரம் முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் தயாரிப்பகங்கள் இயங்குகின்றன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒயினுக்குப் பேர்பெற்ற முதன்மையான நிலங்களில் இது ஒன்று.

இங்கே குளிர்காலம் கொடியது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை இறங்கும் இரவுகள் உண்டு. ஐரோப்பியத் திராட்சைக் கொடி அத்தகைய குளிரைத் தாங்குவது கடினம். இருந்தும் அது இங்கே வேர்பிடித்துக் காய்த்துக் கனிவதற்கு ஏரிகளின் ஆழமே காரணம். அந்த ஆழம் செய்யும் வேலையை நேரில் காண ஏற்ற காலம், செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை நீளும் இலையுதிர்காலம். திராட்சை பறிப்பும் காடு நிறம் மாறுவதும் அப்போதுதான் நடக்கின்றன.

பனி தோண்டிய பள்ளங்கள்

இவ்வட்டாரத்தின் அடிப்பாறை டெவோனியன் காலத்தது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலடியில் படிந்த சேறு இறுகி ஷேல் என்னும் களிப்பாறையாயிற்று. அதனோடு சுண்ணாம்புப் பாறையும் அடுக்காகக் கலந்து கிடக்கிறது. ஆறுகள் இந்தப் பாறையில் பள்ளத்தாக்குகளை அறுத்தன. கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து பலமுறை தெற்கே இறங்கிய பனிப்படலம் அந்தப் பள்ளத்தாக்குகளைச் சுரண்டி ஆழமாக்கியது. பனி பின்வாங்கியபோது அது சுமந்து வந்த கல்லும் மண்ணும் தெற்கு முனைகளில் அணையாகக் குவிந்தன. உருகிய நீர் பள்ளங்களில் தேங்கி ஏரிகளாயிற்று.

செனிகா ஏரியின் ஆழம் 188 மீட்டர். அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 136 மீட்டர்தான். ஆகவே ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் 50 மீட்டர் கீழே இறங்கிக் கிடக்கிறது. 61 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஓர் ஏரியில், 11 ஏரிகளின் மொத்த நீரில் ஏறத்தாழ பாதி அடங்கியிருக்கிறது. கயூகா இதைவிடச் சற்று நீளமானது. ஆழம் 133 மீட்டர். கியூகா மட்டும் ஆங்கில ஒய் எழுத்தைப்போல் இரண்டாகக் கிளைக்கிறது. அதன் ஆழம் 57 மீட்டர். உபரிநீர் ஓர் ஓடை வழியாகச் செனிகாவில் சேர்கிறது.

பெரிய பள்ளத்தாக்குகள் ஆழமானபோது, அவற்றில் வந்து சேரும் ஓடைகளின் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே நின்றுவிட்டன. அங்கிருந்து ஏரிக்கு இறங்கும் நீர், களிப்பாறையைத் தகடு தகடாக அரித்துக் குறுகிய மலையிடுக்குகளையும் அருவிகளையும் உண்டாக்கியிருக்கிறது. செனிகாவின் தென்முனையில் வாட்கின்ஸ் கிளென் மாநிலப் பூங்காவில் ஒரே ஓடையில் 19 அருவிகளைக் காணலாம். இருபுறமும் 60 மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர் நிற்க, கல்படிகளால் ஆன பாதை ஓரிடத்தில் விழும் நீருக்குப் பின்னாலேயே புகுந்து செல்கிறது. கயூகாவின் மேற்குக் கரையிலுள்ள டாகனாக் அருவி ஒரே வீழ்ச்சியாக 65 மீட்டர் இறங்குகிறது. நயாகராவைவிட இது சுமார் 10 மீட்டர் உயரம். இலையுதிர்காலத்தில் மழை குறைந்தால் அருவிகள் மெலிந்துவிடும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போவது உத்தமம்.

தண்ணீரில் சேர்ந்த வெயில்

மண்ணைவிடத் தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே குளிரும். கோடை முழுவதும் ஏரி வாங்கிவைத்த வெப்பத்தை, செப்டம்பரில் காற்று குளிரத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அதைவிடச் சூடான நீர் மேலே ஏறிவருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும்வரை இந்தச் சுழற்சி நிற்காது. அதுவரை மேற்பரப்பும் உறையாது. செனிகாவைப் போன்ற ஆழமான ஏரியில் இதற்கே குளிர்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அந்த ஏரி முழுமையாக உறைவது மிக அரிது.

கரையின் சரிவும் கொடிக்குத் துணை நிற்கிறது. இரவில் மேட்டு நிலத்தில் உருவாகும் குளிர்காற்று கனமானது. அது தோட்டத்தில் தேங்காமல் சரிவோடு வழிந்து ஏரிக்கு இறங்கிவிடுகிறது. அதன் இடத்தை நீரின்மேல் வெதுவெதுப்பாக இருந்த காற்று நிரப்புகிறது. இதனால் கரையோரத்தில் முதல் உறைபனி, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மேட்டைவிடப் பல நாள் பிந்தி விழுகிறது. திராட்சை கனிவதற்கு அந்த நாட்களே உயிர்நாடி. வசந்தத்தில் இதே ஏரி எதிர்த்திசையில் உதவுகிறது. குளிர்ந்து கிடக்கும் நீர் கரையோரக் காற்றையும் குளிர்வித்து மொட்டு விடுவதைத் தள்ளிப்போடுகிறது. பிந்தித் துளிர்க்கும் கொடி பெரும்பாலும் பின்பனிக்குத் தப்பிவிடுகிறது.

அக்டோபரில் ஏரிக்கரைச் சாலையிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் எந்தக் கிளைச்சாலையிலும் இதைக் கண்ணாலேயே காணலாம். கீழே கொடிகள் இன்னும் பச்சையாக இருக்கும்போது, மேலே மேப்பிள் மரங்கள் சிவந்து உதிரத் தொடங்கியிருக்கும். திராட்சை வரிசைகள் ஓர் உயரத்தோடு நின்றுபோகும். அதற்குமேல் மக்காச்சோளமும் சோயாவும் மேய்ச்சல் நிலமும்தான். ஏரியின் வெப்பம் எட்டும் எல்லை எதுவென்று அனுபவத்தால் அறிந்த விவசாயிகள் அதற்குள்ளேயே கொடி நடுகிறார்கள். செனிகாவின் தென்கிழக்குக் கரையில், ஹெக்டர், லோடை ஊர்களை ஒட்டிய சரிவு மற்ற இடங்களைவிட வெப்பமானது. சிவப்பு ஒயினுக்கான ரகங்கள் அங்கே நன்கு பழுக்கின்றன.

முதல் தோட்டக்காரர்கள்

ஐரோப்பியர் வருமுன்பே இச்சரிவுகள் விளைநிலமாக இருந்தன. ஹோடெனோஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த கயூகா, செனிகா மக்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்தே பயிரிட்டார்கள். சோளத் தண்டில் அவரை ஏறிப் படரும். பூசணி இலை மண்ணை மூடி ஈரம் காக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிள், பீச் மரங்களும் அவர்களது ஊர்களைச் சூழ்ந்து நின்றன.

1779இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவுப்படி ஜான் சலிவன், ஜேம்ஸ் கிளின்டன் ஆகியோரின் தலைமையில் வந்த படை 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது. அறுவடைக்கு நின்ற சோளத்தையும் காய்த்து நின்ற பழமரங்களையும் அழித்தது. வீடும் தானியமும் இழந்த மக்களில் பலர் அவ்வாண்டுக் குளிர்காலத்தில் நயாகரா கோட்டையருகே பசியாலும் குளிராலும் மடிந்தார்கள். இந்த நிலத்தின் செழிப்பைக் கண்டு திரும்பிய படைவீரர்கள் சொன்ன செய்திதான் போருக்குப்பின் குடியேறிகளை இங்கே இழுத்தது. 1794இல் கானன்டைகுவாவில் ஹோடெனோஷோனி மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் நினைவு ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் அந்த ஊரிலேயே போற்றப்படுகிறது.

விக்டர் என்ற ஊருக்கு அருகிலுள்ள கனோன்டகன், 17ஆம் நூற்றாண்டில் செனிகா மக்களின் பெரிய ஊராக இருந்த இடம். இப்போது அது மாநில வரலாற்றுத் தலம். மரப்பட்டை வேய்ந்த நீள்வீடு ஒன்றை முழு அளவில் அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். 2015இல் திறந்த செனிகா கலை, பண்பாட்டு மையம் அம்மக்களின் வரலாற்றை அவர்கள் சொல்லிலேயே சொல்கிறது. ஏரிகளின் அழகைக் காண வருகிறவர் இதற்கு அரைநாள் ஒதுக்குவது, அந்த நிலத்துக்குச் செய்யும் மரியாதை.

பாதிரியார் தோட்டத்திலிருந்து

கியூகாவின் தென்முனையிலுள்ள ஹேமண்ட்ஸ்போர்ட்டில், வில்லியம் பாஸ்ட்விக் என்ற பாதிரியார் 1829இல் தம் இல்லத் தோட்டத்தில் இசபெல்லா, கட்டாபா என்ற திராட்சைக் கொடிகளை நட்டார். வட்டாரத்தின் திராட்சை வேளாண்மை அங்கிருந்து தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். இரண்டுமே வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையான லாப்ரஸ்கா இனத்தின் வழிவந்தவை. கடுங்குளிரைத் தாங்கும், மணம் தூக்கலாக இருக்கும், தோல் தடிப்பு. இந்தியச் சந்தைகளில் கிடைக்கும் பெங்களூர் நீலத் திராட்சை இசபெல்லாவின் வழி வந்தது. அதைத் தின்றவர்களுக்கு, பிதுக்கினால் சதை தோலைவிட்டு வழுக்கி வரும் தன்மையும் அந்த மணமும் பழக்கமானவை.

1860இல் ஹேமண்ட்ஸ்போர்ட்டுக்கு அருகே பிளசன்ட் வேலி ஒயின் கம்பெனி தொடங்கியது. அமெரிக்க அரசின் பதிவேட்டில் முதல் எண் பெற்ற ஒயின் தயாரிப்பகம் அது. ஷாம்பெய்ன் முறையில் நுரைக்கும் ஒயின் செய்து 19ஆம் நூற்றாண்டிலேயே கியூகா பேர்பெற்றது. 1920 முதல் 1933 வரை நாடெங்கும் நிலவிய மதுவிலக்கு பெரும்பாலான தயாரிப்பகங்களை மூட வைத்தது. தேவாலயங்களுக்கான ஒயினும் பழச்சாறும் செய்து சில பிழைத்தன. விலக்கு நீங்கியபின் 1934இல் பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பெய்ன் நிறுவனமொன்றில் பணியாற்றிய ஷார்ல் ஃபோர்னியே, இங்கே கோல்டு சீல் ஒயின் நிறுவனத்தின் பொறுப்பேற்க வந்து சேர்ந்தார்.

அப்போதும் இங்கே விளைந்தவை உள்நாட்டு ரகங்களும் கலப்பின ரகங்களுமே. ஐரோப்பாவின் வினிஃபெரா இனத் திராட்சை இந்தக் குளிரில் பிழைக்காது என்பது அறிஞர்களின் முடிவாக இருந்தது. அதை மாற்றியவர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க். உக்ரைனில் உறைபனி நிலத்தில் வினிஃபெரா வளர்ப்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1951இல் அகதியாக அமெரிக்கா வந்து, ஜெனீவா நகரின் வேளாண் ஆய்வு நிலையத்தில் கீழ்நிலை வேலையில் சேர்ந்தார். உக்ரைனில் இதைவிடக் கடுங்குளிர் உண்டு, குளிர் தாங்கும் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டினால் போதும் என்று அவர் சொன்னதற்குக் காதுகொடுத்தவர் ஃபோர்னியே மட்டுமே. இருவரும் ஆயிரக்கணக்கான ஒட்டுகளைக் கட்டிச் சோதித்தார்கள். 1957இன் கடுங்குளிரில் உள்நாட்டு ரகங்களே சேதமான தோட்டங்கள் இருந்தபோது, அவர்களின் ரீஸ்லிங், ஷார்டனே கொடிகள் தப்பி நின்றன. 1962இல் ஃபிராங்க் கியூகாவின் மேற்குச் சரிவில் தமது தயாரிப்பகத்தை நிறுவினார். அவர் குடும்பம் அதை இன்றும் நடத்துகிறது.

அடுத்த திருப்பம் சட்டத்தால் வந்தது. பெரிய நிறுவனங்கள் உள்ளூர்த் திராட்சை வாங்குவதைக் குறைத்ததால் விவசாயிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1976இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய பண்ணை ஒயின் சட்டம், விவசாயி தன் திராட்சையில் தானே ஒயின் செய்து தோட்டத்திலேயே நேரடியாக விற்க வழிசெய்தது. இன்று ஏரிக்கரைச் சாலைகளில் பயணி காணும் சிறு தயாரிப்பகங்களில் பெரும்பாலானவை இச்சட்டத்துக்குப்பின் எழுந்தவை. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஹெர்மன் வீமர் செனிகாவின் மேற்குக் கரையில் ரீஸ்லிங் நட்டதும் இந்த 1970களில்தான். 1982இல் ஃபிங்கர் லேக்ஸ் தனி ஒயின் வட்டாரமாக அரசு அங்கீகாரம் பெற்றது. கயூகா ஏரி 1988இலும் செனிகா ஏரி 2003இலும் தனித்தனி அங்கீகாரம் பெற்றன.

அறுவடை நடக்கும் முறை

அறுவடை செப்டம்பர் தொடக்கத்தில் முந்திப் பழுக்கும் கலப்பின ரகங்களோடும் நுரைக்கும் ஒயினுக்கான பழங்களோடும் ஆரம்பமாகிறது. பின்னர் ஷார்டனே, பினோ நுவார், அதன்பின் ரீஸ்லிங், இறுதியில் கேபர்னே ஃபிராங்க் என்று அக்டோபர் கடைசிவரை போகும். பறிக்கும் நாளைக் கணக்கிடத் தோட்டக்காரர் வரிசைகளில் நடந்து ஆங்காங்கே பழம் கிள்ளுவார். ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கருவியின் கண்ணாடியில் இரண்டு சொட்டுச் சாற்றைவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் சர்க்கரை அளவு தெரியும். அதோடு விடுவதில்லை. பழத்தை மென்று கொட்டையைத் துப்பி அதன் நிறம் பார்ப்பார். பச்சையாக இருந்தால் இன்னும் நாளாகும், பழுப்பாக இருந்தால் பதம். வானிலை அறிக்கையில் மழை இருந்தால், பழுக்க விடுவதா அழுகல் பிடிக்குமுன் பறிப்பதா என்ற முடிவை அன்றே எடுத்தாக வேண்டும்.

பறவைகளிடமிருந்து காக்கக் கொடிவரிசைகளின் பக்கவாட்டில் வலை கட்டியிருப்பார்கள். எரிவாயுவால் இயங்கும் வெடியோசைக் குழாய்கள் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு முழங்கும். பெரிய தோட்டங்களில் உயரமான அறுவடை இயந்திரம் வரிசையை நடுவில் விட்டு நகர்ந்து, கொடியை உலுக்கிப் பழத்தை மட்டும் உதிர்க்கும். உயர்தர ஒயினுக்கான குலைகளைக் கையால்தான் வெட்டுகிறார்கள். இந்த வேலையையும் பக்கத்து ஆப்பிள் தோட்டங்களின் அறுவடையையும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஜமைக்கா நாடுகளிலிருந்து வரும் தொழிலாளர்கள் பெருமளவில் செய்கிறார்கள். அவர்களின் உழைப்பின்றி இவ்வட்டாரத்தில் ஒரு புட்டி ஒயின் உண்டாகாது. அவர்களுக்கு அதற்குரிய மதிப்பைத் தருவது பயணியின் கடமையும்கூட.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தை வந்தவுடன் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சிவப்புக்குத் தோலோடு புளிக்க வேண்டும். நிறம் தோலில்தான் இருக்கிறது. புளிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து தடித்த ஆடையாகக் கட்டும். அதை நாள்தோறும் கீழே அமுக்கிவிட வேண்டும். அக்டோபரில் தயாரிப்பகத்தின் கதவைத் திறந்ததுமே ஈஸ்ட்டும் பழமும் கலந்த புளித்த மணம் முகத்தில் அடிக்கும்.

பறிப்பு முடிந்ததும் குளிர்காலத்துக்கான காப்பு வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கொடியிலும் வேர்த்தண்டும் ஐரோப்பிய ரகமும் சேரும் ஒட்டுக்கணுவின்மேல் கலப்பையால் மண்ணை அணைத்து மூடுகிறார்கள். மேலே தண்டு குளிரில் கருகினாலும், மண்ணுக்குள் இருக்கும் மொட்டு வசந்தத்தில் புதுத்தண்டு விடும். ஒரே கொடியில் ஒன்றுக்கு மேற்பட்ட தண்டுகளை வளர்ப்பதும் இதே முன்னெச்சரிக்கைதான். சில தோட்டங்கள் கொஞ்சம் பழத்தைக் கொடியிலேயே விட்டுவைக்கும். டிசம்பர், ஜனவரியில் அது கல்லாக உறைந்தபின் விடியற்காலையில் பறித்து, பனிக்கட்டி உருகுமுன் பிழிந்தால், அடர்ந்த இனிப்புச் சாறு கிடைக்கும். அதிலிருந்து வருவது ஐஸ் ஒயின்.

சுவைக்கூடத்தில்

தயாரிப்பகங்களின் சுவைக்கூடங்களில் நான்கைந்து ஒயின்களைச் சிறு அளவில் வரிசையாகத் தருகிறார்கள். இவ்வட்டாரத்தின் பெருமை ரீஸ்லிங். பகல் வெயிலில் சர்க்கரை ஏற, இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுவதால், அந்த இரண்டின் சமநிலை இங்கே கூர்மையாக அமைகிறது. ரீஸ்லிங்கைச் சிறிதும் இனிப்பின்றியும் செய்யலாம், தேன்போலவும் செய்யலாம். பல புட்டிகளின் பின்னட்டையில் இனிப்பற்றது முதல் இனிப்பானது வரை காட்டும் அளவுக்கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. முதலில் இனிப்பற்றதில் தொடங்கி இனிப்பானதில் முடிப்பது முறை. ஒரே தயாரிப்பகத்தின் வெவ்வேறு தோட்டத்து ரீஸ்லிங்குகளை அடுத்தடுத்துச் சுவைத்தால், களிப்பாறை நிலமும் சுண்ணாம்பு நிலமும் தரும் வேறுபாடு நாவுக்குப் புலப்படும்.

மேசையில் வைத்திருக்கும் கலயத்தில் சுவைத்ததைத் துப்பிவிடலாம். அது மரியாதைக் குறைவன்று. மது அருந்தும் சட்ட வயது 21. அடையாள அட்டை கேட்பார்கள். குடிக்காதவர்களுக்குப் பல இடங்களில் திராட்சைச் சாறு கிடைக்கும். அறுவடைக் காலத்தில் புதிதாகப் பிழிந்த ஆப்பிள் சாறு சாலையோரக் கடைகளிலெல்லாம் உண்டு.

மூன்று ஏரிகளின் சுற்று

பயணத்தைக் கியூகாவில் தொடங்குவது வரலாற்று வரிசைக்கும் பொருந்தும். ஹேமண்ட்ஸ்போர்ட் நடுவே சதுக்கமும் பழைய கடைத்தெருவும் கொண்ட சிற்றூர். 1908 ஜூலை 4ஆம் நாள் கிளென் கர்ட்டிஸ் ஜூன் பக் என்ற விமானத்தை 1 கிலோமீட்டருக்கு மேல் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிப் பரிசு வென்றது இங்கேதான். அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் 54ஏ சாலையில் திராட்சைச் சரிவும் நீரும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். வடமுனையிலுள்ள பென் யான் ஊரைச் சுற்றி மென்னோனைட் கிறிஸ்தவர்களின் பண்ணைகள் உள்ளன. குதிரை வண்டிகள் சாலையோரம் செல்வதால் அங்கே காரை நிதானமாக ஓட்ட வேண்டும். பென் யானிலிருந்து செனிகா கரையிலுள்ள டிரெஸ்டன் வரை, கியூகாவின் உபரிநீர் ஓடையை ஒட்டி 11 கிலோமீட்டருக்கு நடைபாதை செல்கிறது. பழைய ஆலைகளின் இடிபாடுகளும் அருவிகளும் வழித்துணை.

செனிகாவைக் காரில் சுற்றிவர சுமார் 120 கிலோமீட்டர். மேற்குக் கரையில் 14ஆம் எண் சாலை, தென்கிழக்கில் 414. வடமுனையிலுள்ள ஜெனீவாவின் வேளாண் ஆய்வு நிலையம் 1880இல் நிறுவப்பட்டு, இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கிறது. குளிர் தாங்கும் கயூகா ஒயிட் திராட்சையும் எம்பயர், ஜோனகோல்டு ஆப்பிள்களும் இங்கே உருவானவை. நாட்டின் ஆப்பிள் மரபினச் சேகரிப்பையும் மத்திய வேளாண் துறை இந்நகரில்தான் பேணுகிறது. செனிகாவுக்கும் கயூகாவுக்கும் இடைப்பட்ட மேட்டில் ஃபிங்கர் லேக்ஸ் தேசிய வனம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஒரே தேசிய வனமான அதில் இலை நிறங்களின் நடுவே நெடுநேரம் நடக்கலாம். சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சாகவும் சிவப்பு மேப்பிள் செந்தூரமாகவும் மாறும். பச்சையம் சிதைந்ததும் இலையில் முன்பே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ, வெயில் பகலும் குளிர் இரவும் அமைந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்குவது. திராட்சையைப் பதப்படுத்தும் அதே வானிலைதான் இலைக்கும் நிறமேற்றுகிறது.

கயூகாவின் தென்முனையில் இத்தாக்கா. கார்னெல் பல்கலைக்கழகத்தின் நகரம் இது. ஊருக்குள்ளேயே அருவிகள் விழுகின்றன. 1973இல் தொடங்கிய மூஸ்வுட் சைவ உணவகம் அமெரிக்கா முழுதும் பேர்பெற்றது. மேற்குக் கரையின் 89ஆம் எண் சாலை, 1983இல் அமைந்த கயூகா ஒயின் தடத்தின் முதுகெலும்பு. நாட்டிலேயே முதன்முதலில் அமைந்த ஒயின் தடம் இதுவே. ஏரியின் வடமுனையில் மாண்டசூமா தேசிய வனவிலங்குப் புகலிடத்தில், தெற்கே வலசை செல்லும் கனடா வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும் அக்டோபர், நவம்பரில் பெருந்திரளாக இறங்குகின்றன. அருகிலுள்ள செனிகா ஃபால்ஸில்தான் 1848இல் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாகப் பேணப்படுகிறது.

திராட்சைப் பை

கானன்டைகுவா ஏரிக்குத் தெற்கேயுள்ள நேப்பிள்ஸ் ஊரின் அடையாளம், கான்கார்டு திராட்சையில் செய்யும் பை என்னும் இனிப்பு. செப்டம்பர் இறுதியில் ஊர் திராட்சைத் திருவிழா கொண்டாடுகிறது. செய்முறை பொறுமை கேட்பது. ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிதுக்கிச் சதையையும் தோலையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். சதையை மட்டும் வேகவைத்துக் குழைந்ததும் சல்லடையில் தேய்த்து விதை நீக்குவார்கள். பிறகு தோலை அதோடு சேர்த்து, சர்க்கரையும் மாவும் கலந்து, மாவு ஓட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். மணமும் கருஞ்சிவப்பு நிறமும் தோலிலிருந்தே வருகின்றன. வீட்டு வாசலில் மேசை போட்டு விற்பவர்களும் உண்டு.

பயணத் திட்டம்

நியூயார்க் நகரத்திலிருந்து இத்தாக்காவுக்குக் காரில் நான்கரை மணி நேரம் ஆகும், பேருந்தும் உண்டு. தயாரிப்பகங்களுக்கிடையே பொதுப் போக்குவரத்து இல்லையென்றே சொல்லலாம். குடிக்காத ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும், அல்லது ஓட்டுநரோடு வண்டி அமர்த்த வேண்டும். ஒரு நாளில் மூன்று தயாரிப்பகங்களுக்குமேல் போனால் நாக்கு சுவையறியாது. பெரும்பாலான சுவைக்கூடங்கள் மாலை 5 மணியளவில் மூடிவிடும். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட விடுமுறையில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அறையும் சுவைக்கூட நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும். அம்மாதத்தில் பகல் சுமார் 15 டிகிரியும் இரவு 5 டிகிரியுமாக இருப்பதால், அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை நல்லது.

இந்நிலத்துக்கு இப்போது புதிய ஆபத்துகள் வந்திருக்கின்றன. குளிர்காலம் முன்கூட்டி இளகினால் கொடி சீக்கிரம் துளிர்த்துப் பின்பனியில் அகப்படுகிறது. 2023 மே 18ஆம் நாள் விழுந்த உறைபனி பல தோட்டங்களின் இளந்துளிர்களைக் கருக்கியது. ஆசியாவிலிருந்து வந்து 2014இல் பென்சில்வேனியாவில் காணப்பட்ட புள்ளி லாந்தர் பூச்சி, கொடியின் சாற்றை உறிஞ்சி அதை நலிவிக்கிறது. இலையுதிர்காலத்தில் அது வாகனங்களிலும் முட்டையிடும். நியூ ஜெர்சியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் வருகிறவர்கள் புறப்படுமுன் காரின் சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் பார்த்துச் சுத்தம் செய்வது அவசியம்.

எந்த வாரம் வருவது என்பது விருப்பத்தைப் பொறுத்தது. திராட்சைத் திருவிழாவும் வெதுவெதுப்பான பகலும் வேண்டுமானால் செப்டம்பர் கடைசி வாரம். அமைதியும் பறவைகளும் வேண்டுமானால் நவம்பர் முதல் வாரம். ஆனால் வாட்கின்ஸ் கிளென் மலையிடுக்குப் பாதை அதையொட்டிக் குளிர்காலத்துக்கு மூடப்படும் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ரீஸ்லிங் அறுவடையும் இலைகளின் முழு நிறமும் ஒருசேர அமைவது அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில். முதல்முறை வருகிறவர், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டாலும், அந்த நாட்களையே தேர்ந்துகொள்ளலாம்.